ஒரே கால்கள், பல முகங்கள்

1930களில் எடுத்த பிரிட்டிஷ் ராணுவ லாரியின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கையில் கொடுத்து, இது எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்டால் பழகாத கண் திணறிப்போகும். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் நெருக்கமாக நான்கு, மேலே தார்ப்பாய்க் கூண்டு, ஓட்டுநருக்குக் கதவுகூட இல்லாத திறந்த இருக்கை. பர்மிங்காமின் மோரிஸ், மான்செஸ்டரின் கிராஸ்லி, கிளாஸ்கோவின் ஆல்பியன், பேசிங்ஸ்டோக்கின் தார்னிகிராஃப்ட், லங்காஷயரின் லேலண்ட் என்று ஊரும் முதலாளியும் பட்டறையும் வேறு வேறு. வண்டிகள் மட்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல நிற்கும். அந்தச் சாயலுக்குக் காரணம் பின்பக்கத்தில் இருக்கிறது. அந்த நான்கு சக்கரங்களைத் தாங்கும் இரட்டைப் பின்னச்சு லண்டனில் இருந்த போர் அலுவலகத்தின் சொத்து. எல்லாக் கம்பெனிகளும் அதையே எடுத்துப் பொருத்திக்கொண்டன. ஆகவே வண்டியை அடையாளம் காண வேண்டுமென்றால் பின்னால் போகக் கூடாது, முகத்துக்கு நேரே வந்து நிற்க வேண்டும்.

கதை ஒரு சிக்கனக் கணக்கில் தொடங்குகிறது. அமைதிக்காலத்தில் ஆயிரக்கணக்கான லாரிகளை வாங்கிக் கொட்டகையில் துருப்பிடிக்க விட எந்த அரசுக்கும் மனம் வராது. 1908இல் ஜெர்மனி ஒரு வழி கண்டுபிடித்தது. ராணுவம் சொல்கிற அளவிலும் அமைப்பிலும் லாரி வாங்குகிற வியாபாரிக்கு அரசு மானியம் தரும். வண்டி வியாபாரியின் மூட்டைகளைச் சுமக்கும், போர் வந்தால் பட்டாளத்துக்கு வந்துவிடும். பிரிட்டன் அந்த யோசனையை 1911, 1912 வாக்கில் அப்படியே எடுத்துக்கொண்டது. 3 டன் வண்டி, ஒன்றரை டன் வண்டி என்று இரண்டு வகுப்புகள். கம்பெனி எதுவானாலும் ஓட்டுகிற முறை ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு வண்டியில் பழகிய சிப்பாய் இன்னொன்றில் ஏறித் தடுமாறக் கூடாது. இருபது ஆண்டு கழித்து வந்த வண்டிகளின் ஒற்றுமைக்கு விதை இந்த விதியில்தான் விழுந்தது.

1914இல் போர் வந்தபோது மானிய லாரிகள் போதவில்லை. லண்டன் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்த இரட்டை மாடிப் பேருந்துகளில் சுமார் 900 பிரான்சுக்குக் கப்பலேறின. லேலண்ட் கம்பெனி மட்டும் விமானப் படைக்காக ஏறத்தாழ 6,000 லாரிகள் செய்தது. போர் முடிந்ததும் இவ்வளவு வண்டிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. லேலண்டுக்கு ஒரு பயம். கண்டபடி உழைத்துத் தேய்ந்த வண்டிகள் தன் பெயரோடு சந்தைக்குப் போனால் கெட்ட பெயர் தனக்குத்தானே? தன் வண்டிகளில் பாதியைத் தானே திரும்ப வாங்கியது. கிங்ஸ்டன் அருகே போர் விமானங்கள் செய்யப்பட்ட தொழிற்சாலை ஒன்றில் அவற்றைக் கழற்றிப் புதுப்பித்து, உத்தரவாதத்தோடு விற்றது. அந்தப் பெருமுயற்சி கம்பெனியைக் கடனில் தள்ளினாலும் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது.

மற்ற வண்டிகள் லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற ஊரில் குவிந்தன. ராணுவம் அங்கே பெரிய பழுதுபார்ப்புக் கிடங்கு கட்டத் தொடங்கி, அது முடிவதற்குள் போரே முடிந்துவிட்டது. பத்திரிகைகள் அரசைத் திட்டித் தீர்த்தன. 1920இல் கிடங்கையும் வண்டிகளையும் சேர்த்து 70 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து ஒரு வியாபாரக் குழு வாங்கியது. அதன் தலைமையில் இருந்தவர்களில் ஒருவர் பெர்சிவல் பெர்ரி. அதற்கு முன் பிரிட்டனில் ஃபோர்டு கம்பெனியை நடத்தியவர். வண்டிகளைப் பழுதுபார்த்து விற்றார்கள். போரில் ஓட்டக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பிய சிப்பாய்கள் பலர் இத்தகைய ராணுவ லாரி ஒன்றை வாங்கிச் சொந்தத் தொழில் தொடங்கினார்கள். பிரிட்டனின் தனியார் லாரித் தொழில் வளர்ந்த விதம் இதுதான். விற்க வண்டி தீர்ந்ததும் காலிக் கட்டடங்களை ஆலைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். இன்று உலகம் முழுக்கத் தொழிற்பேட்டை என்று சொல்கிறோமே, அதன் மூத்த முன்மாதிரிகளில் ஒன்றான ஸ்லவ் தொழிற்பேட்டை இந்தப் பழைய லாரிச் சந்தையில் முளைத்தது. 1926இல் அங்கே ஆலை திறந்தவர்களில் பிரான்சின் சிட்ரோயென் கம்பெனியும் உண்டு.

சிட்ரோயென் பெயர் வந்ததால் ஒரு ரஷ்யப் பனிப்பாதைக்கும் போய்வர வேண்டும். அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் மோட்டார்க் கொட்டகைக்குப் பொறுப்பாளர். பேரரசரின் கார்கள் பனியில் புதையாமல் ஓடப் பின்சக்கரங்களுக்குப் பதில் ரப்பர்ப் பட்டை ஒன்றைச் சுழலவிட்டார். 1917இல் புரட்சி வந்தது, கெக்ரெஸ் பிரான்சுக்குத் திரும்பினார். ஆனால் பட்டை அங்கேயே தங்கியது. லெனின் பயன்படுத்திய ரோல்ஸ் ராய்ஸ் காருக்கும் அதே பட்டை மாட்டப்பட்டது. அந்தக் கார் மாஸ்கோ அருகே கோர்க்கியில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பேரரசருக்காகச் செய்தது புரட்சிக்காரருக்கும் பொருந்தியது. பிரான்சில் கெக்ரெஸ் சிட்ரோயெனோடு கைகோத்தார். 1922 டிசம்பரில் அல்ஜீரியாவின் துக்குர்த்திலிருந்து புறப்பட்ட சிட்ரோயென் பட்டை வண்டிகள் சகாராவைக் கடந்து அடுத்த மாதம் திம்பக்துவை அடைந்தன. அதற்குப் பிறகு எல்லாப் படைகளுக்கும் அது வேண்டும் என்றாயிற்று. பிரிட்டிஷ் ராணுவம் கிராஸ்லி, பர்ஃபோர்டு வண்டிகளில் கெக்ரெஸ் பட்டையை மாட்டிப் பார்த்தது. 1920களின் படத்தில் முன்னால் சாதாரண லாரிபோலவும் பின்னால் டாங்கிபோலவும் தெரிகிற வண்டி இந்தக் குடும்பம். பின்னாளில் அமெரிக்க ராணுவமும் சிட்ரோயென் வண்டியை வாங்கிப் பிரித்துப் பார்த்துத் தன் அரைப்பட்டை வண்டிகளைப் படைத்துக்கொண்டது.

பிரிட்டிஷ் பொறியாளர்களுக்கோ பட்டை சரிப்படவில்லை. சீக்கிரம் தேய்ந்தது, நல்ல சாலையில் மெதுவாக ஓடியது. அதே சகாராவில் 1924இல் ரெனோ கம்பெனி ஆறு சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டியிருந்தது. பட்டை இல்லாமலே மணலைத் தாண்டியது அது. பாரத்தை அதிகச் சக்கரங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தால் மண் தாங்கும் என்பது அந்தப் பயணத்தின் பாடம். நான்கு சக்கர வண்டியின் எல்லாச் சக்கரங்களுக்கும் இயக்கம் கொடுக்கலாமே என்று கேட்கலாம். திரும்ப வேண்டிய முன்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் இணைப்புகள் அந்தக் காலத்தில் விலை அதிகம், உடைவதும் அதிகம். பின்னால் இன்னொரு அச்சைச் சேர்ப்பது மலிவு.

போர் அலுவலகத்தின் இரட்டைப் பின்னச்சு 1920களின் நடுவில் பிறந்தது இப்படித்தான். அதன் வேலைப்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வண்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு வில்பட்டைத் தொகுதிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. இரண்டின் நடுப்பகுதியும் சட்டத்தில் இருக்கும் ஒரு சுழல்முனையைப் பிடித்திருக்கும். மேல்பட்டையின் நுனிகள் இரண்டு அச்சுக்கூடுகளின் மேல்புறத்தோடும், கீழ்ப்பட்டையின் நுனிகள் கீழ்ப்புறத்தோடும் இணையும். ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் பட்டை நடுவில் சாய்ந்து அடுத்த சக்கரத்தைப் பள்ளத்துக்குள் அழுத்தும். நான்கும் தரையை விடாது. மேலும் கீழுமாகப் பிடித்திருப்பதால் ஓட்டத்தின் முறுக்கில் அச்சுக்கூடு திருகிக்கொள்ளாது. சேறு மிஞ்சினால் ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களையும் சுற்றி ஓர் இரும்புச் சங்கிலிப் பட்டையைப் போட்டுவிடலாம், லாரி தற்காலிக டாங்கி ஆகிவிடும். இந்த அமைப்புக்கான காப்புரிமையைப் போர் அலுவலகமே வைத்துக்கொண்டு, உள்நாட்டுக் கம்பெனிகள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்றது. அந்த இருபது ஆண்டுகளில் அந்த அலுவலகம் எடுத்த முடிவுகளில் இதுதான் மிகச் சிறந்தது என்பேன். ஒரு யோசனையைப் பூட்டிவைக்காமல் பத்துப் பட்டறைகளுக்குத் திறந்துவிட்டது அது.

முதலில் பாய்ந்து பிடித்தவர்களில் வில்லியம் மோரிஸ் ஒருவர். சைக்கிள் கடையில் தொடங்கி பிரிட்டனின் மிகப் பெரிய கார் முதலாளியானவர். தனக்குப் பாகங்கள் செய்து கொடுத்த ரிக்லி கம்பெனி நொடித்ததும் அதை வாங்கி, 1924இல் மோரிஸ் கமர்ஷியல் என்று லாரி செய்யத் தொடங்கினார். 1927இல் வந்த அவருடைய டி வகை ஆறு சக்கர வண்டி ஒன்றரை டன், அதாவது 30 அந்தர், சுமக்கும். கார் ஆலையின் மலிவும் ராணுவத்தின் பின்கால்களும் சேர்ந்த கலப்பு. கம்பியில்லாத் தந்தி வண்டி, பழுதுபார்க்கும் வண்டி, அலுவலக வண்டி என்று அதன் முதுகில் ஏறாத வேடம் இல்லை. அதே ஆண்டு சாலிஸ்பரி சமவெளியில் உலகின் முதல் முழு இயந்திரப் படை ஒத்திகை நடந்தது. டாங்கிகளின் பின்னால் காலாட்படையும் பீரங்கியும் ஆறு சக்கர வண்டிகளிலும் அரைப்பட்டை வண்டிகளிலும் ஓடிவந்தன. வெளிநாட்டுப் படைகள் அதைக் கூர்ந்து கவனித்தன.

சரி, முகத்துக்கு வருவோம். ரேடியேட்டரின் மேல் விளிம்பு கதிர் விரிக்கும் உதய சூரியன்போல் வளைந்திருந்தால் ஆல்பியன். நடுவில் சிலுவைச் சின்னம் இருந்தால் கிராஸ்லி. மதுவைத் தொடாத, பக்தி மிகுந்த கிராஸ்லி சகோதரர்கள் 1869இலேயே ஜெர்மனியின் ஓட்டோ எஞ்சினுக்கு உரிமம் வாங்கியவர்கள். கார் என்ற ஒன்றே பிறக்காத காலம் அது. அவர்களுடைய கம்பெனியின் இலகு வண்டிகளில்தான் லண்டன் போலீசின் பறக்கும் படை 1920இல் பறக்கத் தொடங்கியது. ரேடியேட்டர் மூடியில் இறகுக் கிரீடம் சூடிய அமெரிக்கப் பழங்குடித் தலைவரின் தலை இருந்தால் வுல்வர்ஹாம்டனின் கய் மோட்டார்ஸ். லேலண்ட் தன் பெயரை ரேடியேட்டரின் மேல்தொட்டியிலேயே பெரிய எழுத்தில் வார்த்துவிடும். படம் மங்கலாக இருந்தால் அடுத்த சாட்சிகளைத் தேட வேண்டும். சக்கரக் குடத்தில் எத்தனை ஆணிகள், பானட்டின் பக்கவாட்டில் காற்றுப் பிளவுகள் நிமிர்ந்தா படுத்தா, முன் மட்கார்டு தட்டையா வளைவா என்று ஒவ்வொன்றாக.

நம்பர் பலகையும் பேசும். ராணுவ வண்டிகள் 1930களில் பொதுச் சாலைக்கான சாதாரண எண்களையே தாங்கின. லண்டனையொட்டிய மிடில்செக்ஸ் மாவட்டத்து எழுத்துகள் அவற்றில் திரும்பத் திரும்ப வரும். எம்எச், எம்எல், எம்டி, எம்எக்ஸ், பிறகு பிஎம்எம் என்று. டாங்கிகள்கூட அந்த நம்பர் பலகையோடுதான் நகர்ந்தன. ஆகவே எழுத்து வரிசையிலிருந்து வண்டி எந்த ஆண்டு வாக்கில் பதிவானது என்று கணிக்கலாம். பின்னாளில் பானட்டில் வெள்ளை எழுத்தில் ராணுவ எண் வந்தது. எல் என்றால் ஒரு டன்னுக்கு மேல் சுமக்கும் லாரி, இசட் என்றால் அதற்குட்பட்ட டிரக், எச் என்றால் பீரங்கி இழுக்கும் டிராக்டர், ஏ என்றால் ஆம்புலன்ஸ்.

பீரங்கி இழுப்பது என்றதும் தார்னிகிராஃப்டின் ஹாத்தியைச் சொல்லாமல் போக முடியாது. படகு கட்டுவதில் பெயர் வாங்கி, 1890களில் நீராவி வண்டிக்கு வந்த கம்பெனி அது. போரில் பிடிபட்ட ஜெர்மன் நான்கு சக்கர இயக்க டிராக்டர்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் ராணுவம், அதே வழியில் தனக்கென ஒன்றை உருவாக்கி 1924 வாக்கில் தார்னிகிராஃப்டிடம் செய்யக் கொடுத்தது. எதிரியின் இயந்திர அறிவு, இங்கிலாந்தின் ஆலை, இந்தியாவில் பீரங்கி இழுத்த யானையின் இந்திப் பெயர். ஆஸ்திரேலிய ராணுவமும் ஹாத்திகளை வாங்கியது.

இந்தியப் படையிலோ கலப்பு இன்னும் விசித்திரமானது. 1920களில் வடமேற்கு எல்லைக்காகக் கிராஸ்லி அடிச்சட்டத்தில் குமிழ்க் கூரையோடு கவச வண்டிகள் செய்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு மலைப்பாதையில் உழைத்ததில் அடிச்சட்டம் தேய்ந்தது, கவச உடல் தேயவில்லை. 1939 வாக்கில் உடலைத் தூக்கி செவ்ரோலே லாரிச் சட்டத்தில் வைத்தார்கள். இடுப்புக்கு மேல் மான்செஸ்டர், இடுப்புக்குக் கீழ் அமெரிக்கா. அடையாளம் காண முயல்பவர்களை இன்றும் அலைக்கழிக்கும் வண்டி அது.

ஜெர்மனியிடமிருந்து பிரிட்டன் எடுத்த மானிய யோசனை 1918இல் ஜப்பானில் சட்டமாக மறுபிறவி எடுத்தது. அங்கே கப்பல் கட்டிக்கொண்டிருந்த இஷிகாவாஜிமா நிறுவனம் இங்கிலாந்தின் வூல்ஸ்லியிடம் உரிமம் வாங்கி, 1924இல் வூல்ஸ்லி லாரியை டோக்கியோவில் செய்து ராணுவ மானியத்துக்குத் தகுதி பெற்றது. பிறகு வூல்ஸ்லியைக் கைவிட்டுத் தன் வண்டிக்கு ஓர் ஆற்றின் பெயரை வைத்தது, சுமிடா. அதன்பின் இன்னோர் ஆற்றின் பெயர் வந்தது, இசுசு. நம் சாலைகளில் ஓடும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பிரிட்டிஷ் லாரி நிற்கிறது. ஜப்பானியர் விலகிய அதே 1927இல், திவாலாகியிருந்த வூல்ஸ்லியை ஏலத்தில் எடுத்தவர் வேறு யாருமில்லை, வில்லியம் மோரிஸ்.

பல அச்சு வண்டிகள் மீது பிரிட்டனுக்கு இருந்த மோகம் ராணுவத்தோடு நிற்கவில்லை. ரயில் போட வருமானம் இல்லாத குடியேற்ற நாடுகளுக்குச் சாலை ரயில் செய்ய ஒரு குழு அமைக்கப்பட்டது. லண்டன் பேருந்து செய்த ஏஇசி கம்பெனி எட்டுச் சக்கரங்களும் இயங்கும் இழுவண்டியைச் செய்தது. முன்வண்டியின் தடத்தையே பின்பற்றும் தொடர்வண்டிகள் அதன் பின்னால். ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டுக்குப் போனது. இன்னொன்று 1934இல் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வந்து, புழுதிப் பாலைவனத்தில் பன்னிரண்டு ஆண்டு பாரம் இழுத்தது. ஆஸ்திரேலியாவின் நீண்ட சாலை ரயில்களுக்கு அதுதான் பாட்டன்.

1930களின் நடுவில் காற்று மாறியது. சிறிய, மலிவான, ஏராளமான வண்டிகள் தேவை என்று ராணுவம் உணர்ந்தது. 15 அந்தர் சுமக்கும் மோரிஸ் சிஎஸ்8 நான்கே சக்கரத்தில் வந்தது. கதவில்லை, கண்ணாடிக்குப் பதில் மடக்குகிற சிறு தடுப்பு. அதன் போட்டியாளர் பெட்ஃபோர்டு எம்டபிள்யூ. தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும் அதன் பானட்டைத் தொலைவிலிருந்தே பிடித்துவிடலாம். ராணுவம் கேட்ட பெரிய காற்று வடிகட்டிக்கு இடம் வைத்ததால் வந்த அகலம் அது. பெட்ஃபோர்டின் பூர்வீகம் லூட்டனில் ஒன்றுசேர்க்கப்பட்ட அமெரிக்க செவ்ரோலே. அதன் உரிமையாளர் ஜெனரல் மோட்டார்ஸ், ஜெர்மனியின் ஓப்பலுக்கும் உரிமையாளர். அடுத்த போரில் எதிரெதிரே நின்ற பெட்ஃபோர்டும் ஓப்பல் பிளிட்சும் ஒரே குடும்பத்து லாரிகள். இதே சமயம் கனடாவின் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பிரிட்டிஷ் 15 அந்தர் அளவை எடுத்து வைத்துக்கொண்டு மாதிரி வண்டி செய்யத் தொடங்கின. போர் முடிவதற்குள் கனடா எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் செய்து தள்ளியது.

ஒரு பெயர்க் குழப்பமும் இந்தக் காலத்தது. ஹடர்ஸ்ஃபீல்டில் தொடங்கிய கேரியர் கம்பெனி இந்திய அரசுக்காக கேடி4 என்ற பீரங்கி இழுவண்டியைச் செய்தது. அதன் சட்டத்தில் கய் கம்பெனி வடிவமைத்த கவச உடலை ஏற்றியபோது நல்ல கவச வண்டி கிடைத்தது. ஆனால் ராணுவத்தில் கேரியர் என்ற பெயரில் பட்டை வண்டி ஒன்று ஏற்கெனவே இருந்தது. குழப்பம் வேண்டாமென்று, உரிமையாளரான ரூட்ஸ் குழுமம் தன் இன்னொரு பெயரை அதற்குச் சூட்டியது. போர் முழுக்கப் புகழ்பெற்ற ஹம்பர் கவச வண்டி, அடியில் இந்தியாவுக்கென்று பிறந்த வண்டி.

1939இல் பிரான்சுக்குப் போன பிரிட்டிஷ் படையில் இழுப்பதற்குக் குதிரை இல்லை, எல்லாம் மோட்டார். எதிரில் வந்த ஜெர்மன் படையின் பெரும்பகுதி இன்னும் குதிரையை நம்பியிருந்தது. அப்படியும் பிரிட்டிஷ் படை பின்வாங்க நேர்ந்து, 1940 மே மாத இறுதியில் அத்தனையும் பிரான்சின் டன்கர்க் கரையில் முடிந்தது. ஏறத்தாழ 64,000 வண்டிகளை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். சில லாரிகளுக்குக் கடைசி வேலை ஒன்று காத்திருந்தது. ஆழமில்லாத கடற்கரையில் படகுகள் ஒதுங்க முடியாததால், தண்ணீர் வடிந்த நேரத்தில் லாரிகளைக் கடலுக்குள் வரிசையாக ஓட்டி நிறுத்தினார்கள். மணலை நிரப்பி, ஒன்றோடொன்று கட்டி, மேலே பலகை போட்டார்கள். அலை ஏறியதும் அது படகுத்துறை. தோள்வரை நீரில் நின்ற சிப்பாய்கள் அதன்மேல் நடந்து படகேறினார்கள். சாலைக்கும் சேற்றுக்கும் பிறந்த வண்டிகள் கடலில் நின்று ஆட்களைக் கரையேற்றியதை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

எஞ்சியவற்றைப் பழுதுபார்த்து ஜெர்மானியர் ஓட்டினார்கள். மோரிஸ் சிஎஸ்8 வண்டிகள் ரஷ்யப் போர்முனை வரை, ஆப்பிரிக்கப் பாலைவனம் வரை போயின. ஜெர்மன் சிப்பாய்கள் கைவிடப்பட்ட வண்டிகளை வளைத்து வளைத்துப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் குடும்ப ஆல்பங்கள்தான் இன்று ஆய்வாளர்களுக்குப் பெரும் புதையல். கம்பெனி விளம்பரப் படத்தில் தெரியாத பின்பக்கமும் அடிச்சட்டமும், கவிழ்ந்து கிடக்கும் லாரியின் இரட்டைப் பின்னச்சும் அவற்றில் தெளிவாகத் தெரியும். பிரிட்டனின் இரு போர்களுக்கு இடைப்பட்ட லாரிகளை நாம் இவ்வளவு நுணுக்கமாக அறிவதற்கு எதிரியின் கேமரா ஒரு முக்கியக் காரணம்.

ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் அதிகாரி ரால்ஃப் பாக்னோல்டு தன் தொலைதூர ரோந்துப் படைக்குத் தாய்நாட்டு ராணுவ வண்டி எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. எகிப்தில் கிடைத்த சாதாரண செவ்ரோலே லாரிகளே இலேசாக இருந்தன. ஆனால் ஆறு சக்கர லேலண்ட் ரிட்ரீவர் போர் முடியும்வரை தாக்குப்பிடித்தது. பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரி தங்கி வேலை செய்த ஓர் ஊர்தி வீடு, இத்தாலியத் தளபதி பெர்கோன்சோலியிடமிருந்து பிடித்தது. இத்தாலியச் சட்டம் களைத்துப்போனதும் அந்த வீட்டை ஒரு ரிட்ரீவரின் முதுகில் ஏற்றினார்கள். இப்போது அது டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் லேலண்ட் தன் லாரிகளுக்கு விலங்குப் பெயர்களாகத் தேடித் தேடி வைத்தது. டெரியர், ரிட்ரீவர், பீவர், ரைனோ, ஆக்டோபஸ். 1929இல் வந்த ஆறு சக்கர லாரிக்கு ஹிப்போ, அதாவது நீர்யானை. பத்தாண்டு கழித்து ராணுவம் அதை 10 டன் வண்டியாக எடுத்துக்கொண்டது. சென்னை எண்ணூரில் 1949இல் ஆஸ்டின் கார்களை ஒன்றுசேர்க்கத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆனபோது இந்தப் பெயர்களில் சிலவும் கூடவே கப்பலேறி வந்தன. 1970களில் எண்ணூரிலிருந்து இந்திய ராணுவத்துக்குப் போன டிப்பர் லாரியின் பெயரும் ஹிப்போதான். அதற்கும் பின்னால் இரண்டு அச்சுகள், இரண்டிலும் இயக்கம். முன்னால் ரேடியேட்டரின் மேல் லேலண்ட் என்ற பெயர்.